வீட்டுக்காரர் வரைந்த வீடு: ஒரு தோம்பு பிறந்த கதை

சீர்காழிப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்தால், சொத்து விவரத்தில் வீடு இப்படி வரும்: தெருவுக்கு மேற்கு, இன்னார் மனைக்கு வடக்கு, இன்னார் கொல்லைக்குக் கிழக்கு, சந்துக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட மனையும், அதில் கட்டிய நாட்டு ஓட்டு வீடும், கதவு நிலை ஜன்னலும், கிணறும், மாவடை மரவடையும், மாமூல் வழிநடை பாத்தியமும். பத்திர எழுத்தர் எதையும் விடமாட்டார். பின்னாளில் வழக்கு என்று வந்தால் கொல்லையில் நிற்கும் ஒரு வேப்பமரம்கூட விட்டுப்போயிருக்கக் கூடாது என்பது அவருடைய கவலை. ஆனால் பிள்ளை பெற்றவளை அந்த வீட்டில் எந்த அறையில் படுக்கவைத்தார்கள், அறுவடைக் கூலியை எந்த வாசலில் அளந்தார்கள், யார் திண்ணையோடு நின்றார்கள், யார் ரேழி தாண்டி உள்ளே வந்தார்கள் என்பதையெல்லாம் அந்தப் பத்திரத்தில் தேட முடியாது. சார்பதிவாளர் அலுவலகம் அதைக் கேட்பதும் இல்லை.

அதைக் கேட்கிற பதிவேடு ஒன்று தமிழ் பேசும் மக்களிடமிருந்தே பிறந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன் உருவாக்கிய அந்தப் புத்தகம் 2011-இல் வெளிவந்தது. பெயர், ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’. முற்றுப்பெறாத தோம்பு. இலங்கை உள்நாட்டுப் போரில் வீட்டை இழந்தவர்கள் எண்பதளவில், தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தாங்களே வரைந்து கொடுத்தார்கள். அதோடு தங்கள் கதையையும் சொன்னார்கள். அந்தப் படங்களும் கதைகளும்தான் புத்தகம்.

இந்த எழுத்து, அது பிறந்த கதை. காவிரிக் கடைமடையில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

தோம்பிலிருந்து தொடங்க வேண்டும். போர்த்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1658-இல் அது ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் கைக்குப் போனது, 1795-இல் ஆங்கிலேயரிடம். கோட்டையைப் பிடித்ததும் ஆட்சி செய்கிறவனுக்கு வரும் அடுத்த வேலை, யாருக்கு எவ்வளவு காணி, அதில் என்ன நிற்கிறது, என்ன வரி வாங்கலாம் என்று எழுதிவைப்பது. அந்தக் காணிப் பதிவேட்டைத்தான் தோம்பு என்றார்கள். ஒல்லாந்தர் காலத் தோம்புகளில் நிலத்தோடு ஆட்களும் எண்ணப்பட்டார்கள். பலன் தரும் மரங்களும் எண்ணப்பட்டன. நம் பக்கத்தில் சர்வே, செட்டில்மென்ட், அடங்கல், சிட்டா என்று வந்தவையும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்தான். நிலத்தை மேலிருந்து பார்க்கிற கண் அது. வரி கட்டுகிறவர் ஒரு பெயராகவும், வீடு சில அடிகளாகவும் அதில் தங்கிவிடும்.

இனி போருக்கு வருவோம். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். கிடைத்த அவகாசம் ஓரிரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாகச் சோனகத் தெருவில் இருந்தவர்கள் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995-இல் அதே அக்டோபர் 30. ராணுவம் நெருங்கிவருகிறது என்று வலிகாமத்துத் தமிழர்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் கிளம்பினார்கள். மழை இரவு. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு. வலிகாமம் வடக்கில் 1990-லிருந்தே உயர் பாதுகாப்பு வலயம் என்று கிராமம் கிராமமாக வேலி போடப்பட்டது. அந்த மக்கள் தங்கள் வீட்டை எட்டிப் பார்ப்பதற்குக்கூட இருபது வருடத்துக்கு மேல் வழியில்லாமல் இருந்தது.

இப்படிக் கிளம்பும்போது எதை எடுத்தார்கள்? அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், முடிந்தால் நகை, இருந்தால் காணி உறுதி. நாம் பத்திரம் என்பதை அங்கே உறுதி என்பார்கள். பலர் உறுதியையும் இழந்தார்கள். வீட்டையும் இழந்து, வீடு இருந்ததற்கான தாளையும் இழந்தவர்களிடம் என்ன மிஞ்சும்? இருட்டிலும் கிணற்றடிக்கு வழி தெரிந்த கால் மிஞ்சும். எந்தப் படி உயரம் என்று அறிந்த முழங்கால் மிஞ்சும். சனாதனனின் தோம்பு அந்த மிச்சத்திலிருந்து உருவானது.

அவர் திடீரென்று ஒருநாள் இந்த யோசனைக்கு வந்துவிடவில்லை. டெல்லியில் ஓவியம் படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்க வந்தவர் அவர். உடலும் நிலமும் வேரும் காயமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் ஓவியங்கள் அவருடையவை. போர்நிறுத்தம் இருந்த 2004-இல், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ‘அகம் புறம்’ என்ற கண்காட்சி நடந்தது. 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, மறுபடி கட்டி எழுப்பப்பட்ட அதே நூலகம். அங்கே சனாதனன் வைத்த படைப்பின் தலைப்பு, ‘வரலாறுகளின் வரலாறு’ என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்து வீடு வீடாகப் போய், நூற்றுக்கணக்கான குடும்பங்களிடமிருந்து ஒவ்வொரு பொருளாகத் திரட்டியது. அருங்காட்சியகத்தில் அரசர் காலத்துக் காசை வைப்பதுபோல, சாதாரண வீட்டுச் சாமான்களை அங்கே அடுக்கினார்கள். எரிந்த நூலகத்தின் சுவருக்குள் ஊராரே கொண்டுவந்து கொடுத்த பொருள்கள். அவற்றின் மதிப்பைச் சொல்லும் தகுதியும் கொடுத்தவருக்கே. 2010-இல் கனடாவின் வான்கூவர் மானுடவியல் அருங்காட்சியகத்தில் அங்குள்ள தமிழர்களிடம் இதே வகையில் பொருள்கள் கேட்டு வாங்கி, கண்ணாடிக் குப்பிகளுக்குள் வைத்துக் காட்டினார். அங்கேயும் கேள்வி ஒன்றுதான்: வீடு என்று நீங்கள் எதை எடுத்துவந்தீர்கள்?

இடையில் இன்னொன்று நடந்தது. 2005 முதல் 2007 வரை, சனாதனனும் முகனத் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய மூன்று ஓவியர்களும் ஒருவருக்கொருவர் தபாலில் கோட்டோவியங்கள் அனுப்பிக்கொண்டார்கள். ஒருவர் வரைந்ததைப் பார்த்து அடுத்தவர் பதில் வரைவார். அந்தக் காலத்தில்தான் போர் மறுபடி மூண்டது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தென்னிலங்கையோடு இணைக்கும் ஏ-9 சாலை மூடப்பட்டது. அந்தக் கோட்டோவியங்களை 2008-இல் புத்தகமாக்கியவர் ஷர்மினி பெரேரா. ‘ரேக்கிங் லீவ்ஸ்’ என்ற அவருடைய பதிப்பகம் லாபநோக்கு இல்லாதது. கலைஞர் புத்தகங்களுக்காகவே நடப்பது. ஒரு கண்காட்சி முடிந்தால் சுவர் வெறுமையாகிவிடும், புத்தகம் கைக்குக் கை போகும் என்பது அந்தப் பதிப்பகத்தின் நம்பிக்கை. தோம்பையும் அவர்களே வெளியிட்டார்கள். அது அலுவலகக் கோப்பை நினைவூட்டும் கட்டமைப்பில் வந்தது மிகப் பொருத்தம். கச்சேரி எனப்படும் அரசு அலுவலகத்தின் மேசையில் தங்கள் வீட்டைப் பற்றி விண்ணப்பம் எழுதி எழுதிக் கைசலித்த மக்களின் கதையை, அதே கோப்பின் உருவத்தில் வாசகர் பிரித்துப் பார்க்கிறார்.

இனி அந்த முறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் உயிர் அதில் இருக்கிறது.

“உங்கள் வீட்டை வரையுங்கள்” என்று ஒருவரிடம் தாளைக் கொடுத்தால், பெரும்பாலும் முகப்பை வரைவார். ஒரு கூரை, ஒரு கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வீடு. தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிகிற வீடும் அதுதான். தரைப்படம் கேட்டால் கதையே மாறிவிடுகிறது. அதை வரைய மனதுக்குள் எழுந்து நடக்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டும், இடது கைப்பக்கம் என்ன, அதைத் தாண்டினால் என்ன என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். குசினியிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்று வரும்போது, அந்த எட்டுகளை வைத்தவர் யார், எந்த நேரத்தில் என்பதும் சேர்ந்து வந்துவிடும். தரைப்படம் கேட்பதே கதை கேட்பதாகிவிடுகிறது. தனியாகப் பேட்டி என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால் மூடிக்கொள்கிற வாய், பென்சில் பிடித்த கைக்குப் பின்னால் திறந்துகொள்ளும்.

இப்படி வீட்டுக்காரர் வரைந்த படம் முதலில். அடுத்து, அதே வீட்டைக் கட்டடக் கலைஞரின் வரைபட மொழியில் நேர்கோடுகளாக மறுபடி வரைந்தது. மூன்றாவது, அந்த வீட்டுக்கும் கதைக்கும் பதிலாகச் சனாதனன் உலர் பாஸ்டலில் தீட்டிய ஓவியம். ஒரு வீட்டுக்கு மூன்று கைகள். வீட்டுக்காரரின் கோடு கோணலாகப் போயிருக்கும்; கட்டடக் கலைஞரின் கோடு அதை நேராக்கும்; நேராக்கும்போது நழுவிப்போனதை ஓவியர் தன் தாளில் தேடிப் பிடிக்கிறார். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கிற வாசகருக்கு ஒன்று புரியும். அளவில் எது தப்பு என்பது இங்கே கேள்வி இல்லை. ஒருவருக்குத் தன் வீட்டில் எந்த மூலை பெரியது என்பதைத்தான் அந்தக் கோணல் காட்டுகிறது.

இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். வழக்கமாக வீடுகளை ஆவணப்படுத்தப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அளவு நாடாவோடு கட்டடக்கலை மாணவர்கள் முதலில் வருவார்கள். அடுத்து புகைப்படக்காரர். கடைசியில், நேரம் இருந்தால், வீட்டுக்காரரிடம் “எத்தனை வருஷத்து வீடுங்க?” என்று ஒரு கேள்வி.

அதே இலங்கையில் இதற்கு முன் நடந்த நல்ல வேலை ஒன்றையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. 1960-களின் தொடக்கத்தில் பார்பரா சன்சோனி என்ற ஓவியர், பின்னாளில் ‘பேர்ஃபுட்’ கைத்தறி நிறுவனத்தால் பெயர்பெற்றவர், ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டடங்களை வரைந்து பத்திரிகையில் எழுதினார். விகாரை, வளவு என்ற பெருவீடு, வழிப்போக்கர் தங்கும் அம்பலம், தேவாலயம், சின்னச் சின்ன வீடு என்று எதையும் ஒதுக்காமல் வரைந்தார். ஓவியர் லக்கி சேனாநாயக்கவும் கட்டடக் கலை வரலாற்றாசிரியர் ரொனால்ட் லூகாக்கும் அவரோடு சேர்ந்து, 1998-இல் அது ‘தி ஆர்க்கிடெக்சர் ஆஃப் அன் ஐலண்ட்’ என்ற பெரிய புத்தகமானது. இந்தக் கூட்டத்தின் நடுவில் இருந்தவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. பழைய வீடுகளை இப்படிக் கூர்ந்து வரைந்த கண்களும் கைகளும் அவர் அலுவலகத்தைச் சுற்றியே இருந்தன. முற்றத்தை மறந்துகொண்டிருந்த கொழும்பு நகரத்துக்குள் அவர் முற்றத்தை மறுபடி கொண்டுவந்தார்.

அதற்குப் பேர்போன சாட்சி, 1960-களின் முதல் சில ஆண்டுகளில் எழுந்த எனா டி சில்வா வீடு. பாவா கட்டியதுதான், ஆனாலும் அந்த வீடு குடியிருந்தவரின் பெயரால் நின்றது. எனா, ‘பத்திக்’ சாயத்துணிக் கலைஞர். அவருடைய கணவர் காவல்துறைத் தலைவராக இருந்தவர். வளவு வீட்டில் வளர்ந்த எனாவுக்கு நகரத்து மனையிலும் முற்றம் வேண்டியிருந்தது. 2009-ஐ ஒட்டி அந்த மனை விலைபோனது. வாங்கிய மருத்துவமனைக்குக் காலி இடம் தேவைப்பட்டது. பாவாவின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை முன்வந்து, ஓடு, தூண், கதவு, கல் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மறுபடி கட்டியது. 2016-இல் அது திறக்கப்பட்டது. இங்கே நம் முட்டுக்காட்டில், 1996-இல் திறந்த தட்சிணசித்ராவிலும் செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு என்று இப்படிப் பெயர்த்துவந்து நிறுத்தியவை இருக்கின்றன. பெரிய உழைப்பு, பெரிய செலவு. பெயர்பெற்ற கட்டடக் கலைஞரின் வீட்டுக்கு அது கிடைக்கும். கிடைக்க வேண்டியதுதான்.

கொத்தனார் கட்டிய வீட்டுக்கு?

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டுக்குப் பாவா கிடையாது. வீட்டுக்காரரும் மேசனும் தச்சரும் சேர்ந்து மண்ணில் கோடு கிழித்து முடிவுசெய்த வீடு அது. நடுவில் முற்றம், சுற்றிலும் விறாந்தை, பின்னால் குசினி, கிணறு, மனையைச் சுற்றிக் கதியால் வேலி, முன்னால் படலை. பெயர்களை மாற்றினால் நம் தஞ்சாவூர் வீடு: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, மாட்டுத்தொழுவம், கொல்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போக்குவரத்து என்றும் உண்டு. கொள்ளிடம் தாண்டி நமக்கு அக்கரையில் இருக்கும் சிதம்பரத்தில் 1864-இல் பள்ளிக்கூடம் வைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். வீட்டின் அமைப்பும் அந்த உறவில் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை.

இங்கே போர் வரவில்லை. ஆனால் வீடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. பாகப்பிரிவினையில் முற்றத்துக்குக் குறுக்கே சுவர் எழும்புகிறது. ஒரு பங்குக்காரர் விற்றதும் பாதி வீடு இடிகிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஓடு சரிந்து மழை உள்ளே இறங்குகிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அந்தத் தண்ணீரில் மண் சுவர்கள் கரைந்து உட்கார்ந்தன. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். கணக்கெடுக்க வந்தவர்களின் படிவத்தில் வீட்டுக்கு இரண்டே நிலைதான்: முழுச் சேதம், பகுதிச் சேதம். அது அவர்கள் வேலைக்குத் தேவையான கணக்கு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் விழுந்த வீட்டைப் பற்றி உலகத்தில் எஞ்சியது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் என்றால் அது பெரிய இழப்பு.

பக்கத்துத் தரங்கம்பாடியைப் பாருங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் என்பதால், டென்மார்க்கிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வந்தது, சுனாமிக்குப் பிறகு அரசர் தெருவில் பழைய வீடுகள் சில பழுதுபார்க்கப்பட்டன, கவர்னர் மாளிகை எழுந்து நின்றது. நல்லதுதான். ஆனால் அந்தத் தெருக்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மீனவர் தெருவில் சுனாமிக்கு முன் வீடு எப்படி இருந்தது, வலை எங்கே உலர்ந்தது, கருவாடு எங்கே காய்ந்தது, வேப்பமரத்தடியில் யார் உட்கார்ந்தார்கள்? நிவாரணத்தில் வந்த கான்கிரீட் வீடுகள் வரிசையாக, ஒரே அளவில் நிற்கின்றன. முந்திய வீட்டின் தரைப்படம் இருப்பது அந்தத் தெருப் பெண்களின் நினைவில். கடைமடைக் கிராமங்களின் குடித்தெருவில் இருந்த கூரை வீட்டுக்கும் இதே நிலைதான். அக்கிரகாரத்து வீட்டை அளக்க நாலு பேர் வந்திருப்பார்கள். தென்னங்கீற்றும் மூங்கிலும் களிமண்ணுமாக, ஒவ்வொரு தையிலும் புதிதாகக் கீற்று மாற்றிய வீட்டை அளந்தவர் யார்? தோம்பு முறையின் நியாயம் எனக்கு இங்கேதான் உறைக்கிறது. அங்கே வீட்டின் பழமையோ தூணின் வேலைப்பாடோ நுழைவுச்சீட்டு இல்லை. வீட்டை இழந்தவர், வரையச் சம்மதிப்பவர் என்பது போதும்.

இதை எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தேன். என் அத்தைக்கு எண்பது வயதை நெருங்குகிறது. அவர் வாழ்க்கைப்பட்டுப்போன வீடு வைத்தீஸ்வரன்கோயில் பக்கம், இடித்து வருடங்களாகிவிட்டன. ஒரு பெரிய தாளையும் பென்சிலையும் கொடுத்து, “அத்தை, அந்த வீட்டத் தரையில கோடு போட்ட மாதிரி வரைஞ்சு காட்டுங்களேன்” என்றேன்.

“எனக்கு எங்கடா தம்பி வரைய வரும்?”

“கோலம் போடுறீங்கல்ல.”

அதற்கு மறுபேச்சு இல்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டார். நான் திண்ணையிலிருந்து ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டார். கிணறு. அதிலிருந்து அடுப்பங்கரைக்கு ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம் போட்டு, “இங்கதான் அம்மி” என்றார். பிறகு இரண்டாங்கட்டு, தொழுவம், சாம்பல் கொட்டுகிற இடம், கொல்லைக் கதவு. தாளில் முக்கால் பாகம் நிறைந்துவிட்டது. கூடத்துக்கும் திண்ணைக்கும் ஓரத்தில் ஒரு விரல் அகலம்தான் மிச்சம் இருந்தது. “கூடம் இவ்வளவு சின்னதா அத்தை?” என்று கேட்டேன். “கூடம் பெருசுதான். அங்க எனக்கு என்ன வேலை? ஒங்க மாமா இருக்கிற நேரத்துல அந்தப் பக்கம் வரமாட்டேன். விசேஷம்னா கோலம் போட வருவேன்” என்றார். கிணற்றடிக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, நடவுக்கு வருகிற பெண்களுக்குச் சோறு போடுகிற இடம் அது என்றார். அவர்கள் அந்தப் புள்ளியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை என்பதை, கேட்காமலே, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

எந்தச் சர்வேயரும் அந்தப் புள்ளியை வைத்திருக்க மாட்டார். கட்டடக்கலை மாணவர் வந்து அளந்திருந்தால் கூடத்தின் தூண்களை அழகாக வரைந்திருப்பார். வீடு இருந்த காலத்திலேயே வந்திருந்தாலும் இந்தப் படம் கிடைத்திருக்காது. இதே வீட்டை என் மாமா வரைந்திருந்தால் திண்ணையும் கூடமும் நெல் பத்தாயமும் தாளை நிறைத்திருக்கும். நடவுக்கு வந்த ஒரு அம்மாவிடம் தாளைக் கொடுத்தால் கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றுமே வராமல் போகலாம். மூன்றும் ஒரே வீடு. மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் அந்த வீட்டின் பதிவு.

சனாதனன் தன் தோம்பை முற்றுப்பெறாதது என்று அழைத்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். வீட்டை இழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்க, புத்தகத்தில் எண்பதளவு வீடுகள். ஆனால் எண்ணிக்கை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஒரு வீட்டையே எடுத்துக்கொண்டாலும், வரைய வேண்டிய அடுத்த கை ஒன்று எப்போதும் பாக்கி இருக்கிறது. அரசாங்கத் தோம்பு தன்னை முழுமையானது என்று சொல்லிக்கொள்ளும். அதற்கு வெளியே நிலமும் இல்லை, ஆளும் இல்லை என்பது அதன் கணக்கு. இந்தத் தோம்பு தன் தலைப்பிலேயே வாசலைத் திறந்து வைத்துவிட்டது. அதோடு, போரில் ஒருவரையொருவர் இழந்த தமிழரும் முஸ்லிமும் அதே கோப்பில் இருக்கிறார்கள். 1990-இல் விட்டுப்போன வீடும் 1995-இல் விட்டுப்போன வீடும் சேர்ந்திருப்பதைப் பார்க்கிற வாசகருக்கு, யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாமல் ஒன்று விளங்கும்.

சீர்காழியில் இதைத் தொடங்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு மேல்நிலைப்பள்ளியின் பிளஸ் ஒன் மாணவர்கள் போதும். ஆளுக்கு ஒரு பாட்டி, ஒரு தாத்தா, அவர்கள் பிறந்த வீடோ வாழ்க்கைப்பட்ட வீடோ, ஒரு தாள். தென்பாதியிலிருந்து திருமுல்லைவாசல் வரை, தேரோடும் வீதியிலிருந்து காலனித் தெரு வரை எல்லா வீடும் வர வேண்டும். பிறகு ஓர் இளம் கட்டடக் கலைஞர் அவற்றை அளவுக்குக் கொண்டுவரலாம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் ஓவியமாக்கலாம். வரைந்தவர் பெயரை அவர் சம்மதத்தோடு மட்டும் போட வேண்டும். சொத்து வழக்கு நடக்கிற வீடுகளுக்கு அந்த எச்சரிக்கை மிகவும் தேவை. தாளைத் திருத்தக் கூடாது, கோணலை நேராக்கிவிட்டு மூலத்தைக் கிழித்துப்போடக் கூடாது.

வீட்டுக்காரரிடம் கேட்கும் கேள்விகளில் முதல் கேள்வியாக ‘வீட்டைக் கட்டியது யார்?’ என்பதை நான் சேர்ப்பேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் வேகமாகக் குறைந்துவருகிறார்கள். மெட்ராஸ் ஒட்டு போடத் தெரிந்த, சுண்ணாம்பை அரைத்துக் கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பூசத் தெரிந்த, மனையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் முற்றத்தின் நான்கு மூலையைக் குறித்த ஆள்தான் நம் தெருக்களின் கட்டடக் கலைஞர். எந்தப் பத்திரத்திலும் அவர் பெயர் கிடையாது. அத்தையிடம் கடைசியாக அதைத்தான் கேட்டேன். பெயர் உடனே வந்தது, ஊரும் வந்தது, வாஸ்து பூஜையன்று அவருக்கு என்ன கட்டிக்கொடுத்தார்கள் என்பதுகூட வந்தது. தாளின் கீழே, அவர் கையாலேயே எழுதச் சொல்லி வாங்கிவைத்திருக்கிறேன். அந்த மேஸ்திரி அதே தெருவில் இன்னும் நான்கு வீடு கட்டினாராம். அவற்றில் இரண்டு நிற்கின்றன. அடுத்து அந்த இரண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.